கிராம்பு எண்ணெய் களையைக் கொல்லுமா?

கொல்லும், ஆனால் பட்ட இடத்தை மட்டும்.

இலை, மொட்டு, பட்டை போன்றவற்றிலிருந்து வடித்தெடுக்கும், எளிதில் ஆவியாகும் எண்ணெயே நறுமண எண்ணெய். கிராம்பு எண்ணெயும் அத்தகையதே; அதில் பெரும்பங்கு யூஜினால் என்ற வேதிப்பொருள். அது இலையின் மெழுகுப் பூச்சைக் கடந்து செல்களின் சவ்வைச் சிதைக்கிறது. உள்ளே இருக்கும் நீர் கசிந்துவிடும். நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை துவண்டு பழுப்பாகும். கீரை மேல் கொதிநீரை ஊற்றினால் எப்படிச் சுருளுமோ, அப்படித்தான். வேருக்கு அது இறங்காது. அதனால் கோரையில் மேல்தாள் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும். அருகும் அப்படியே.

ஒரு லிட்டர் கரைசலுக்கு 50 மி.லி. எண்ணெய், 5 மி.லி. திரவ சோப்பு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: தண்ணீரில் இந்த எண்ணெயை ஊற்றினால் அது கலக்காமல் அடியில் தங்கிவிடும், தெளிப்பானில் சீராக வராது. எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்து, பால் போல வெளுக்கும்வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். தெளிக்கும்போதும் அடிக்கடி குலுக்குங்கள். களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது, காற்றில்லாத, வெயிலுள்ள நேரத்தில் இலை முழுக்க நனைய அடிக்க வேண்டும். முற்றிய களைக்கு இது வீண்செலவு. விலையைப் பார்த்தால் நடைபாதை, தொட்டி ஓரம் போன்ற சிறு இடங்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

இயற்கை எண்ணெய் என்பதால் பயிரை ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம்: தக்காளி நாற்றின் மேல் பட்டால் அதுவும் கருகும், கண்ணிலும் தோலிலும் பட்டால் எரியும், கையுறையும் கண்ணாடியும் அவசியம்.