அடையாறு முகத்துவாரத்தில் குளோரோபில் இரண்டு மடங்காகக் காட்டுகிறதா?

கப்பலில் கடல்நீர் உறிஞ்சும் ஒளியை அளந்து குளோரோபில்லைக் கணக்கிடும்போது, 440 நானோமீட்டர் அலைநீள (நீல ஒளி) அளவை விட்டுவிடுங்கள். 676 நானோமீட்டரில், சிவப்பு ஒளியில், உறிஞ்சல் உயர்ந்து நிற்கும் முகட்டை வைத்துக் கணக்கிடுங்கள். 650, 715 நானோமீட்டர்களில் வரும் அளவுகளை நேர்கோட்டால் இணைத்து, அதற்கு மேல் 676 எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள்.

முகத்துவாரத்தைத் தாண்டும்போது மட்டும் கப்பல் அளவீடு ஆய்வக மதிப்பைவிட இரண்டு மடங்கு வருகிறது என்கிறீர்கள். ஆறு கொண்டுவரும் கரைந்த கரிமப் பொருளும் மட்கிய துகள்களும் நீல ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். அதுவும் தாவர மிதவை உயிரிகளின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

அதே நீரை, துகள்களைத் தடுத்துக் கரைந்ததை மட்டும் விடும் 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டு அளந்து, வடிகட்டாத அளவிலிருந்து கழியுங்கள். 440 நன்றாகக் குறைந்தால் கரைந்த பொருள்தான் முக்கியக் காரணம். அப்புறம், வடிகட்டி பழசு என்றால் முதலில் மாற்றுங்கள்.

ஒன்று கவனம்: முகட்டு உயரத்தைக் குளோரோபில்லாக மாற்றும் எண் எல்லா நீருக்கும் ஒன்றல்ல. டயட்டம் என்னும் ஒருசெல் பாசிகளின் பெரிய செல்களுக்குள் நிறமி நெருக்கமாக இருப்பதால், அதே அளவு நிறமி குறைவாகவே உறிஞ்சும். உங்கள் சொந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.