சுரைக்குடுக்கை

அன்புள்ள சார்,

எனக்கு 27 வயது. குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். தமிழ்ப் பகுதியில் 90-க்கு மேல் சரியாக வந்துவிடும். கணக்கு என்றால் மட்டும் கை நடுங்கும். போன தடவை அந்த 25 கேள்விகளில் பாதிக்கு மேல் படிக்காமலேயே ஏதோ ஒரு விடையை நிரப்பிவிட்டு வந்தேன். தினமும் காலையில் தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோ பார்க்கிறேன். அரசு அலுவலகத்தில் என் மேசையில் உட்கார்ந்திருப்பதுபோல் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் தெம்பாக இருக்கிறது, புத்தகத்தைத் திறந்ததும் போய்விடுகிறது. எனக்கு நம்பிக்கை குறைவா? அதை எப்படி வளர்த்துக்கொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

"படிக்காமலேயே நிரப்பிவிட்டு வந்தேன்" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். தெரியாத கேள்வியை விட்டுவருவது வேறு. நீங்கள் தெரியுமா தெரியாதா என்று பார்க்கவே பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எட்டு வயதில் மாமா எனக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கினார். முதல் நாள் முதுகில் இரண்டு பெரிய சுரைக்குடுக்கைகள். கயிறு நெஞ்சில் உறுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. "பயப்படாதே" என்று மாமா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைக்கச் சொன்னார். மறுநாள் ஒரு கையை விடச் சொன்னார். நாலைந்து நாள் கழித்து ஒரு குடுக்கையை அவிழ்த்தார். அப்புறம் பெரியதற்குப் பதில் சின்னது. கடைசியில் உள்ளங்கை அளவில் ஒன்றுதான் மிச்சம். அது என்னைத் தாங்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் மிதந்துகொண்டிருந்தேன்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவைப் படித்தபோது இந்தக் கிணறுதான் ஞாபகம் வந்தது. பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களுக்கு 1960-களின் கடைசியில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் வேறொருவர் பாம்பைக் கையாள்வதைத் தள்ளி நின்று பார்ப்பது. பிறகு கையுறை போட்டுத் தொடுவது, அப்புறம் வெறுங்கையால். முடிவில் மடியில் பாம்பு ஊர, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட, கூடவே செய்து பழகியவர்களுக்குத்தான் பயம் அதிகம் விலகியது. 'இந்தக் காரியம் என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கமாகச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விட வலுவானது, தானே ஒரு தடவை செய்து முடித்த அனுபவம் என்றார்.

அதனால்தான் உங்கள் காலைத் தெம்பு புத்தகத்தைத் திறந்ததும் போய்விடுகிறது. அது இன்னொருவர் பேச்சில் வந்தது. கண்ணை மூடி மேசையை நினைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர், வேலை தேடும் பட்டதாரிகளை ஜெர்மனியில் இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார். நல்ல வேலை கிடைத்ததுபோல் அதிகம் கற்பனை செய்தவர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் குறைவு, கிடைத்த சம்பளமும் குறைவு. வேலை கிடைக்கும் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தவர்களின் நிலை மேலாக இருந்தது. கற்பனையில் மனசு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிடுகிறது, அப்புறம் நடக்கக் கால் எழுவதில்லை. எதிர்பார்ப்பு அப்படியில்லை, அதற்கு அடியில் ஏற்கெனவே செய்து பார்த்த ஏதோ ஒன்று இருக்கும்.

சரி, உங்கள் படி எது? சமச்சீர் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை எடுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதம் தனிவட்டி, இரண்டு ஆண்டுக்கு எவ்வளவு? ஒரு வருடத்துக்கு 400, இரண்டு வருடத்துக்கு 800. தீர்த்துக் காட்டிய கணக்கை ஒரு தடவை பாருங்கள், விடையைக் கையால் மூடிக்கொண்டு நீங்கள் போடுங்கள். தினமும் ஐந்து. மறுநாள் அதே ஐந்தை மறுபடி போட்டுவிட்டுப் புதியதற்குப் போங்கள். தனிவட்டி, மீ.சி.ம., சதவீதம் ஓரளவு வசமானதும் பழைய வினாத்தாளின் அந்த 25-ஐ மட்டும் கடிகாரம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். கடிகாரம் இல்லாத அந்தச் சலுகைதான் கடைசியாக அவிழ்க்கவேண்டிய குடுக்கை.

இப்படிச் செய்தால் வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இடங்கள் சில ஆயிரம்தான், நம்பிக்கையால் இடம் கூடாது. ஆனால் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், 25-க்கு 37.5. நெருக்கியடித்து நிற்கும் தரவரிசையில் அது எவ்வளவு பெரிய தூரம் என்று மூன்று முறை எழுதிய உங்களுக்குத் தெரியும். இத்தனை நாள் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாளைக் காலை அந்த வீடியோ நேரத்தில் ஐந்து கணக்கு போடுங்கள். தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தப்பாக வந்தாலும் அனுப்புங்கள், எந்த வரியில் தவறியது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.