பழைய வண்டி வாங்கிப் போட்டால் பணம் பெருகுமா?

வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதிக விலையில்லாத கிளாசிக் கார், பைக் வாங்கி வைத்தால் அது முதலீடாகுமா என்று. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வங்கியில் போடுவதற்குப் பதிலாக ஒரு கிளாசிக் கார் வாங்கிப் பத்து வருஷம் கழித்து விற்கலாம் என்று ஆசை. ஏலத்தில் பழைய கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று படிக்கும்போது தலை சுற்றுகிறது. நல்ல யோசனைதானா?

பதில்: அந்த ஏலச் செய்திகளை முதலில் மறந்துவிடுங்கள். 1962-ம் வருஷத்து ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018-ல் 4.84 கோடி டாலருக்குப் போனதும், மெர்சிடஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்று 2022-ல் 13.5 கோடி யூரோவுக்குப் போனதும் உண்மைதான். ஆனால் அந்த ஃபெராரி மொத்தமாகவே நாற்பதுக்கும் குறைவாகத்தான் செய்யப்பட்டது, அந்த மெர்சிடஸ் இரண்டே இரண்டு. நீங்களும் நானும் வாங்கக்கூடிய வண்டிகளோ ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் வெளிவந்தவை. அங்கே விலை ஏறினால் இங்கேயும் ஏறும் என்று கணக்குப் போடவே கூடாது.

சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம். வண்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100-ஐ 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 197 ஆகியிருக்கும். வண்டியாக வைத்திருந்தால் இன்ஷூரன்ஸ், நிறுத்த இடம், ஆயில், டயர், பேட்டரி, அவ்வப்போது கார்பரேட்டர் வேலை என்று வருஷத்துக்கு 6 போகிறது என்று குறைத்தே வைப்போம், பத்து வருஷத்துக்கு 60. ஆக அந்த வண்டி 257-க்கு விற்றால்தான் வங்கியில் போட்டதற்குச் சமமாகிறது, அதாவது வருஷா வருஷம் விடாமல் 10 சதவீதம் ஏற வேண்டும். விற்கும்போது கொடுக்கிற கமிஷனை இதில் நான் சேர்க்கவே இல்லை. சாதாரண மாடல்களில் பத்து வருஷம் தொடர்ந்து இப்படி ஏறுபவை மிகக் குறைவு.

இறங்கவும் செய்யும். 1988 ஆகஸ்டில் ஃபெராரி கம்பெனியைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி இறந்த பிறகு ஃபெராரி விலைகள் கண்மண் தெரியாமல் ஏறின, கூடவே மற்ற கிளாசிக் கார்களும் ஏறின, 1990-ல் எல்லாம் சரிந்தது. உச்சத்தில் கடன் வாங்கிப் போட்டவர்கள் எழுந்திருக்க ரொம்பக் காலம் ஆனது.

அதனால் பிள்ளைகளின் படிப்புக்கும் வயசான காலத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள். புது வண்டி வாங்கினால் ஷோரூமை விட்டு இறங்கிய நிமிஷமே விலை குறைய ஆரம்பிக்கிறது இல்லையா? நன்றாகத் தேர்ந்தெடுத்த பழைய வண்டியில் அந்த நஷ்டம் இல்லை, ஓட்டி அனுபவிக்கிற செலவில் பெரும்பகுதியை அதன் விலை ஏற்றமே கட்டிவிடும். இந்த அளவுக்கு எதிர்பார்த்து இறங்குகிறவர்கள் ஏமாறுவதில்லை, என்னைக் கேட்டால் இது சின்ன லாபமும் இல்லை.

கேள்வி: குறைந்த பட்ஜெட்டில் எந்த காரை, எந்த பைக்கை வாங்கலாம்? மாடல் பெயரையே சொல்லிவிடுங்களேன்.

பதில்: பெயர் சொல்கிறேன், ஆனால் எதனால் விலை ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே பெயர் கண்டுபிடிக்கலாம். வயசால் மட்டும் விலை ஏறுவதில்லை. ஃபோர்டு மாடல் டி 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வெளிவந்தது, நூறு வயசு தாண்டியும் அந்த வயசுக்கேற்ற விலை அதற்கு இல்லை, ஏனென்றால் நிறைய செய்யப்பட்டது என்பதோடு அதைப் பார்த்து ஏங்கிய தலைமுறையும் போய்விட்டது. பதினாறு வயசில் ஒரு வண்டியைத் தெருவில் பார்த்து வாயைப் பிளந்தவர், நாற்பத்தைந்து ஐம்பதில் கையில் காசு சேர்ந்ததும் அதைத் தேடி வருகிறார். விலை அங்கேதான் ஏறுகிறது. அப்படிப் பார்த்தால் இன்றைக்குக் கவனிக்க வேண்டியவை 1980-கள், 90-களின் வண்டிகள்.

கார் என்றால் நான் முதலில் சொல்வது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற, கூரையை மடிக்கக்கூடிய இரண்டு சீட் ஜப்பான் கார், அதுவும் 1989-லிருந்து 1997 வரை வந்த முதல் தலைமுறை, மேலே எழும்பி வருகிற ஹெட்லைட் உள்ளது. இந்தப் பெயரில் 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் வெளிவந்துவிட்டதால் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை, அதேசமயம் ஓட்டி ஓட்டித் தேய்த்து, துருப்பிடிக்க விட்டு, முதல் தலைமுறையில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. துணிக் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் அது கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதிக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும், அதனால் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள இடத்தைக் கண்டிப்பாகத் தட்டிப் பாருங்கள். ஆரம்ப காலத்து 1.6 லிட்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின், அதாவது இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டின், முன்முனை பலவீனம். வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது அந்த முனையில் மாட்டியிருக்கும் கிராங்க் புல்லி என்கிற சக்கரம் ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் அந்த வண்டி வேண்டாம்.

இன்னும் பழசுதான் வேண்டும் என்றால் எம்ஜிபி என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962-லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வந்தது, பழைய அச்சுகளை வைத்தே முழு பாடியையும் புதிதாக அடித்துத் தருகிறார்கள். 1974-ல் அமெரிக்க விதிகளுக்காக குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள், வண்டியையும் கொஞ்சம் உயர்த்திவிட்டார்கள். இன்று வரைக்கும் குரோம் பம்பர் வண்டிக்குத்தான் கிராக்கி அதிகம். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ரப்பர் பம்பர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் விற்கும்போதும் அதே வித்தியாசம் திரும்பி வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் இந்த மாதிரி சின்ன வித்தியாசங்கள் இன்னும் கூர்மையாக இருக்கும். ஹோண்டா சிபி750 1969-ல் வந்தது. முதலில் வந்த ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகளின் இன்ஜின் கவசம் வேறு அச்சில் வார்க்கப்பட்டது, கையால் தடவினால் சற்றே சொரசொரப்பாக இருக்கும். சாண்ட்காஸ்ட் என்று சேகரிப்பவர்கள் சொல்வது அதைத்தான். அதற்கும் அடுத்து வந்த வண்டிக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, விலை மட்டும் பல மடங்கு. டூ ஸ்ட்ரோக் பைக்குகளும் அப்படித்தான் ஏறின. புகை விதிகள் வந்து அந்த இன்ஜினையே சாலையிலிருந்து விரட்டிய பிறகு யமஹா ஆர்டி350, கவாஸாக்கி எச்1 எல்லாம் இனிமேல் வராது என்று ஆகிவிட்டது. அவை ஏற்கெனவே ஏறிவிட்டன, இப்போது வாங்கினால் உச்சத்தில் வாங்குகிறோமோ என்ற யோசனை எனக்கு இருக்கிறது. இன்னும் கைக்கு எட்டுவதில் எனக்குப் பிடித்தது 1978-ல் வந்த ஹோண்டா சிஎக்ஸ்500, செயினே கிடையாது, ஷாஃப்ட் டிரைவ், அதாவது சுழலும் தண்டுதான் பின் சக்கரத்தை ஓட்டும். மலிவாகக் கிடைத்ததால் பலபேர் அதை வாங்கி அறுத்து, சீட்டை மாற்றி, கஃபே ரேசராக, அதாவது பந்தய பைக் மாதிரி, ஆக்கினார்கள். அதனால் கைபடாத சிஎக்ஸ்500 இப்போது நினைப்பதைவிட அரிது.

எதை வாங்கினாலும் ஒன்று. பேர்போன மாடலில் ஓட்டை வண்டியை வாங்குவதைவிட, சாதாரண மாடலில் இருப்பதிலேயே நல்லதை வாங்குங்கள். மலிவு என்று எடுத்த ஓட்டை வண்டி, டிங்கரிங், பெயின்ட், குரோம், அப்ஹோல்ஸ்டரி எல்லாம் முடிவதற்குள் நல்ல வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: ஒரு பைக் பார்த்து வைத்திருக்கிறேன். முழுக்க ரீஸ்டோர் செய்து பளபளவென்று இருக்கிறது. நேரில் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பளபளப்பு கண்ணை மறைக்கும், அதனால் முதலில் பேப்பர். ஃபிரேம் நம்பரும் இன்ஜின் நம்பரும் பதிவு ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்புறம் அந்த எண்கள் அடித்திருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சுற்றியுள்ள உலோகத்தைவிட அந்த இடம் மட்டும் பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருந்தாலும், எண்கள் கோணல்மாணலாக இருந்தாலும், பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு அடித்திருக்கலாம். அங்கேயே கிளம்பிவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

போவதற்கு முன்பே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள், வெளியே புது பெயின்ட்டும் உள்ளே செங்கல் நிறத் துருவும் இருந்தால் மீதி ரீஸ்டோரேஷனும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டில்பாரை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள், நடுவில் ஒரு இடத்தில் டக்கென்று தட்டுப்பட்டால் ஸ்டீயரிங் பேரிங் போயிற்று. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆட்டம், இதெல்லாம் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. "இப்போதுதான் எல்லாம் புதுசாகப் போட்டேன்" என்று சொல்கிறவரின் பேச்சை அந்த நான்கு இலக்கம் சரிபார்த்துவிடும். இதே கார் என்றால் ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு எல்லாவற்றிலும் நகர்த்திப் பாருங்கள், இரும்பு பாடியில் காந்தம் நழுவுகிற இடத்தில் உள்ளே இருப்பது பட்டி. ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பழுப்பில் கொழகொழவென்று படிந்திருந்தால், ஆயிலோடு குளிரூட்டும் தண்ணீர் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய பைக் பல வருஷமாக மூலையில் கிடக்கிறது. புது பெயின்ட் அடித்து, குரோம் பூசி விற்றால் நல்ல விலை வருமா?

பதில்: தயவுசெய்து பெயின்ட்டைத் தொடாதீர்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அதே ஸ்டிக்கர், அதே சீட் உறையோடு உள்ள வண்டிக்கு, கொஞ்சம் மங்கியிருந்தாலும், புதிதாகப் பூசிய வண்டியைவிட அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பூசிய பிறகு அந்தப் பழசைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. கழுவி, டேங்க்கைச் சுத்தம் செய்து, கார்பரேட்டர், பிரேக், ரப்பர் குழாய்களை மட்டும் சரிசெய்து ஓடவைத்தால் போதும். அப்பா வைத்திருந்த பில், சர்வீஸ் புத்தகம், சாவிக்கொத்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். விற்கத்தான் வேண்டுமா என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், அந்த வண்டி போன பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: ஓட்டாமல் மூடி வைத்தால்தானே மதிப்பு கூடும்? மாதம் ஒருதடவை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்கிறேன், போதுமா?

பதில்: அந்த ஐந்து நிமிஷம்தான் கெடுதல். எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, இன்ஜின் முழுச்சூடு ஏறாமல் நிறுத்தினால் அது ஆவியாகிப் போகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவேற்றும். ஒன்று அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் முறையாகப் படுக்க வையுங்கள்: ஆயில் மாற்றி, கார்பரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, சக்கரத்தில் எடை இல்லாமல் ஸ்டாண்டில் ஏற்றி. பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கும், அவற்றை எத்தனால் தாங்குகிற குழாயாக மாற்றுங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், காற்றுப் புகுகிற துணி உறைதான் நல்லது.

கேள்வி: வாங்கியாயிற்று. எப்போது விற்கலாம்?

பதில்: வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. இன்ஜின் ஓவர்ஹாலுக்கு நிற்கிற வண்டியின் விலையில் வாங்குகிறவர் அந்தச் செலவை மட்டுமில்லாமல் தன் பயத்தையும் சேர்த்துக் கழிப்பார். அந்த மாடலைத் தேடி வருகிறவர்களின் வயசையும் கவனியுங்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்களாக இருந்தால் இனி காத்திருப்பதில் பலன் குறைவு. அதுவரை வாங்கிய ஒவ்வொரு ஸ்பேருக்கும் ரசீதை ஒரு ஃபைலில் தேதியோடு சேர்த்து வையுங்கள், செய்த வேலைகளைக் கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். விவரம் தெரிந்தவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த ஃபைலைத்தான் கேட்பார்.