வெயில் வந்துவிட்டது, ஏரி இன்னும் வரவில்லை: இளவேனில் படகுப் பயணக் கேள்வி பதில்

கரையோரப் பனி கரைந்து முதல் வெயில் முதுகில் பட்டதும், படகை எப்போது இறக்கலாம் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஏரி என்று நான் சொல்வது மறுகரை கண்ணுக்குத் தெரியாத, குளிர்காலத்தில் உறையக்கூடிய ஏரிகளை. வட அமெரிக்காவின் பேரேரிகளான சுப்பீரியர், மிச்சிகன், ஈரி போன்றவை நல்ல உதாரணங்கள்.

கே: நேற்று 24 டிகிரி வெயில். இன்னும் ஏன் எல்லோரும் "தண்ணீர் குளிர், ஜாக்கிரதை" என்றே சொல்கிறீர்கள்?

ப: 24 டிகிரி இருந்தது காற்று. நீங்கள் விழப்போவது தண்ணீரில். தரை ஒரு வாரத்தில் சூடாகிவிடும், ஆழமான ஏரிக்கு மாதக்கணக்கில் ஆகும். காரணம் தண்ணீரின் ஒரு விசித்திரக் குணம்: அது 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக, அதாவது மிகக் கனமாக இருக்கும். பனி உருகிய ஏரியில் மேல் தண்ணீர் 2 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். வெயில் பட்டு அது 3 ஆனதும் கனம் கூடிக் கீழே மூழ்கிவிடும், கீழிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். இப்படி மேலும் கீழும் புரண்டு, மொத்த ஏரியும் 4 டிகிரியைத் தொட்ட பிறகுதான் மேல்பரப்பு தனியாகச் சூடேறத் தொடங்கும். சுப்பீரியரின் அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். அத்தனை தண்ணீரையும் புரட்டி எடுக்க எவ்வளவு வெயில் வேண்டும் என்று யோசியுங்கள். மே மாதத்தில் அதன் நடுப்பகுதி 3, 4 டிகிரியில் கிடப்பது சாதாரணம். 2014இல் ஜூன் தொடக்கத்தில்கூட அங்கே பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது.

கே: நான் நன்றாக நீந்துவேன் சார். கல்லூரியில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். கரைக்குப் பக்கத்தில் போகும்போதும் லைஃப் ஜாக்கெட் வேண்டுமா?

ப: வேண்டும். கையில் வைத்திருப்பது கணக்கில்லை, போட்டிருக்க வேண்டும்.

குளிர்ந்த நீரில் விழுந்தவர்களில் பலர் உடல் விறைத்துச் சாவதில்லை. அதற்கு நேரமே கிடைப்பதில்லை. விழுந்த கணத்தில் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றல்ல. பிறகு ஒரு நிமிடம் போல மூச்சு கட்டுப்பாடில்லாமல் இரைக்கும். உங்கள் நீச்சல் பரிசு அந்த ஒரு நிமிடத்தில் உதவாது. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று எளிதாகச் சொல்லிக் கொடுப்பார். மூச்சை அடக்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். கடைசி எண் நல்ல செய்திதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மிதந்துகொண்டிருப்பவருக்கு மட்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகு கை விரல்கள் ஜாக்கெட்டின் கொக்கியைக்கூட மாட்டாது. "விழுந்த பிறகு போட்டுக்கொள்கிறேன்" என்பது நடக்காத காரியம்.

விழுந்துவிட்டால் முதலில் நீந்தாதீர்கள். முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சு நிதானப்படும்வரை சும்மா மிதங்கள். அப்புறம் அந்தப் பத்து நிமிடத்தைப் படகில் ஏறவோ, கவிழ்ந்த படகின் மேல் முடிந்தவரை உடம்பை ஏற்றிக்கொள்ளவோ செலவழியுங்கள். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். அரை உடம்பு வெளியே இருந்தாலும் லாபம்.

கே: கரையோரம் தண்ணீர் 10 டிகிரி காட்டியது. கொஞ்சம் உள்ளே போனதும் திடீரென்று 4. என் கருவி கெட்டுவிட்டதா?

ப: கருவி நன்றாக இருக்கிறது. ஆழம் குறைந்த கரையோர நீர் சீக்கிரம் சூடாகும், நடு ஏரி குளிர்ந்தே கிடக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலந்து 4 டிகிரி ஆகும் நீர் கனத்துக் கீழே இறங்குவதால், அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை மாதிரி உண்டாகிறது. ஜெனீவா ஏரியை ஆராய்ந்த சுவிஸ் விஞ்ஞானி ஃபொரெல் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். வாரங்கள் செல்லச் செல்ல இந்தத் திரை மெல்ல நடு ஏரியை நோக்கி நகர்ந்து, கோடை நெருங்கும்போது மறைந்துவிடும். தூண்டில்காரர்களுக்கு இது நல்ல செய்தி. இளவேனிலில் மீன்கள் கரையோரச் சூட்டைத் தேடி வருவதால் வெகுதூரம் போகவே வேண்டியதில்லை.

கே: முன்னறிவிப்பில் "அலை 1 மீட்டர்" என்று இருந்தது. என் படகு 5 மீட்டர் நீளம். போகலாமா?

ப: நான் போக மாட்டேன்.

முன்னறிவிப்பில் சொல்லும் உயரம் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 1 மீட்டர் என்றால் நடுநடுவே ஒன்றரை மீட்டர் வரும், எப்போதாவது 2 மீட்டரை ஒட்டியும் ஒன்று வரும். அந்த ஒன்றுக்குத்தான் படகு தாக்குப்பிடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், கடலில் பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். கடலில் தூரத்திலிருந்து வரும் அலைகளுக்கு இடையே 10 வினாடியோ அதற்கு மேலோ இருக்கும். படகு ஏறி, இறங்கி, மூச்சு வாங்கலாம். ஏரியில் 3, 4 வினாடிதான். ஒன்றில் ஏறி மூக்கு கீழே போகும்போதே அடுத்தது வந்து நெற்றியில் அடிக்கும். அதனால் உயரத்தை மட்டும் பார்க்காமல் இடைவெளி எத்தனை வினாடி என்றும் பாருங்கள். வினாடி குறையக் குறைய அலை செங்குத்தாகிறது என்று அர்த்தம். அமெரிக்கப் பக்கத்துப் பேரேரிகளில் காற்று 22 நாட்டைத் தொட்டாலோ அலை 4 அடியைத் தாண்டினாலோ சிறு படகுகளுக்கான எச்சரிக்கை கொடுப்பார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், ஆக 22 நாட் சுமார் 41 கிலோமீட்டர். எச்சரிக்கை இல்லை என்பதாலேயே எல்லாப் படகுக்கும் அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கே: அதே 15 நாட் காற்று. ஒரு நாள் ஏரி சாதுவாக இருக்கிறது, மறுநாள் பேயாட்டம் ஆடுகிறது. ஏன் அண்ணா?

ப: நல்ல கேள்வி தம்பி, இதைக் கவனிப்பவர்கள் குறைவு. காற்று எவ்வளவு சூடு, தண்ணீர் எவ்வளவு சூடு என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சூடான காற்று குளிர்ந்த ஏரியின் மேல் வந்தால், நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து ஒரு போர்வை போலப் படுத்துக்கொள்ளும். மேலே வீசும் பலத்த காற்று அதைத் துளைத்துக் கீழே வராது. இளவேனிலில் ஏரி பல நாள் அமைதியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். காற்று திசை மாறி, தண்ணீரைவிடக் குளிர்ந்த காற்று வந்ததும் அந்தப் போர்வை கிழிந்துவிடும். மேலே இருந்த வேகமெல்லாம் கீழே இறங்கி அலையை எழுப்பும். சூடான தெற்குக் காற்றில் பழகிய படகோட்டி, குளிர்ந்த வடக்குக் காற்று திரும்பும் நாளில் அதே எண்ணை நம்பிப் போனால் நனைந்துதான் வருவார்.

கே: காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் ஏரி, மதியம் ஆனால் குதிக்கிறது. தினமும் இதே கதை.

ப: ஏரிக்காற்று. கடற்காற்றின் தம்பி. தரை சூடாகி அங்கே காற்று மேலெழும்ப, ஏரியின் குளிர்காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வரும். முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் அடங்கும். இளவேனிலில் தரைக்கும் நீருக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம் என்பதால் அடிக்கடி வரும். காலை ஆறு மணிக்குப் போய்ப் பதினோரு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

கே: கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறுபடகு) ஓட்ட அலையே இல்லாத நாள்தானே சிறந்தது?

ப: எந்தப் பக்கம் காற்று என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் நாளில் கரையோரம் துளி அலை இருக்காது. அலை வளரத் தண்ணீரில் தூரம் வேண்டும், கரையோரம் அந்தத் தூரம் இல்லை, அவ்வளவுதான். முதுகில் காற்று தள்ளத் தள்ள ஜாலியாக ஒரு கிலோமீட்டர் போய்விடுவீர்கள். திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அடிக்கும், அலையும் வளர்ந்திருக்கும். உடையை வெயிலுக்கு ஏற்றபடி போடாமல் தண்ணீரின் குளிருக்கு ஏற்றபடி போடுங்கள். குளிர்நீரிலிருந்து உடம்பைக் காக்கும் வெட்சூட்டோ, நீரே உள்ளே புகாத டிரைசூட்டோ போட்டுக் கரையில் வியர்த்தால் வியர்க்கட்டும்.

கே: மூடுபனி வருமா வராதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

ப: உண்டு. வானிலைத் தகவலில் பனிப்புள்ளி என்று ஒரு எண் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. அந்த எண் ஏரி நீரின் வெப்பநிலையைவிட அதிகமாக இருந்தால் மூடுபனிக்கு வாய்ப்பு. பனிப்புள்ளி 14, தண்ணீர் 6 என்றால் நான் கரையிலேயே காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் புத்தி எனக்குப் பட்டுத்தான் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதக் காலை, சட்டை ஒட்டும் புழுக்கம். நாலு கிலோமீட்டர் உள்ளே போயிருந்தோம். அடிவானத்தில் வெள்ளையடித்த மதில் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்று படம்கூட எடுத்தேன். தூண்டில் நூலைச் சுற்றி முடிப்பதற்குள் படகின் முன்முனையைக் காணவில்லை. மீசையில் நீர் கோத்துக்கொண்டு சொட்டியது. எஞ்சினை நிறுத்திக் காது கொடுத்தால், எங்கோ ஒரு பெரிய எஞ்சின் உறுமுகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. திசைகாட்டியைப் பார்த்து நடை வேகத்தில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஹாரன் அடித்துக்கொண்டே கரை சேர்ந்தோம். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

கே: குளிர்ந்த ஏரி இடிமழையை அணைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ப: பாதி உண்மை. குளிர்ந்த நீர் பல நேரங்களில் மேகத்தின் பலத்தைக் குறைக்கும். நன்றாக அமைந்த புயல் வரிசையை அதனால் நிறுத்த முடியாது. 1998 மே 31 அன்று ஒரு பெரும் காற்றுப்புயல் மிச்சிகன் ஏரியை அப்படியே தாண்டிப் போய் மறுகரையையும் துவைத்தது.

புயல் போன பிறகும் ஆபத்து தீராது. 1954 ஜூன் 26 அன்று சிகாகோவில், புயல் கடந்து ஏரி அடங்கிவிட்டது என்று தூண்டில் போட வந்தவர்களைத் திடீரென எழுந்த ஒரு பேரலை வாரிக்கொண்டு போய் 8 பேர் இறந்தார்கள். புயலோடு நகர்ந்த அழுத்த மாற்றம் கிளப்பிய அலை, எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. இடி கேட்டால் துறைக்குத் திரும்புங்கள். அது போன பிறகும் அலைதடுப்புச் சுவரின் நுனியில் போய் நிற்காதீர்கள்.

கே: படகுத்துறையில் ஒரே நாளில் தண்ணீர் முழங்கால் அளவு ஏறி இறங்கியது. ஏரியில் ஏது ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்)?

ப: அது ஓதம் இல்லை. காற்று தண்ணீரை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஓய்ந்ததும், தொட்டித் தண்ணீர் மாதிரி ஏரி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஈரி ஏரியில் இது அதிகம், ஏனென்றால் சராசரி ஆழம் 19 மீட்டர்தான், நீளமோ 388 கிலோமீட்டர். பலத்த தென்மேற்குக் காற்றில் இரு முனைகளுக்கும் இடையே 2 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்திருக்கிறது. அதனால் படகைக் கட்டும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள்.

கே: வரைபடத்தில் இருக்கும் வழிகாட்டி மிதவையை ஏரியில் காணோம்.

ப: பனி இழுத்துப் போகாமலிருக்கக் குளிர்காலத்துக்கு முன்பே பலவற்றை எடுத்துவிடுவார்கள். திரும்ப வைக்க மே கூட ஆகலாம். அலை அளக்கும் மிதவைகளும் அப்படித்தான். உருகுநீரோடு வரும் மரக்கட்டைகளையும் கவனியுங்கள். பாதி மூழ்கிய கட்டை அலையின் நிழலில் தெரியவே தெரியாது.

கே: ஆறு மாதம் மூடி வைத்த படகு. முதல் நாள் எதைப் பார்க்க வேண்டும்?

ப: அடியிலுள்ள டிரெயின் பிளக், அதாவது தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் மூடி. சிரிக்காதீர்கள். பத்து வருட அனுபவத்தோடு, நாலு பேருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே, அதை மாட்டாமல் படகை இறக்கியவன் நான். பாதத்தில் சில்லென்று பட்டபோதுதான் தெரிந்தது. இப்போது அதைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைக்கிறேன்.

அடுத்தது, பெட்ரோல் எஞ்சின் படகின் உள்ளே இருந்தால், தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேற, கிளப்பும் முன் எஞ்சின் அறை விசிறியை நாலைந்து நிமிடம் ஓட விடுங்கள். பேட்டரி, எரிபொருள் குழாய், தீயணைப்பான் எல்லாம் கரையிலேயே பார்க்க வேண்டியவை.

கே: கைபேசி இருக்கிறதே, ரேடியோ எதற்கு?

ப: கைபேசியில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும். படகுகளில் வைக்கும் விஎச்எஃப் ரேடியோவில், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் கூப்பிட்டால் மீட்புக் குழுவோடு பக்கத்தில் இருக்கும் படகுகளும் கேட்கும். உங்களிடம் முதலில் வந்து சேரப்போவது அந்தப் படகுதான். மிதக்கும் கையடக்க ரேடியோவாகப் பார்த்து ஜாக்கெட்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டும் போங்கள்.

கே: என் மகளுக்கு எட்டு வயது. முதல் பயணத்துக்கே வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். கூட்டிப் போகலாமா?

ப: காற்று இல்லாத காலையில், கரையை ஒட்டி, ஒரு மணி நேரம் மட்டும் என்றால் கூட்டிப் போங்கள். அதற்கு முன் வீட்டிலேயே ஜாக்கெட்டை மாட்டிக் கொக்கிகளைப் போட்டு, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து அவளை மெல்லத் தூக்குங்கள். ஜாக்கெட் மேலேறி அவள் மோவாய் உள்ளே போய்விட்டால் அது அவளுக்குப் பெரியது. வளரட்டும் என்று பெரியதாக வாங்குவதைப் பள்ளிச் சீருடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.