எந்தப் பாலர் பள்ளி?

கேள்வி: மகளுக்கு அடுத்த ஆண்டு ஐந்து வயது. பட்டணத்தில் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பு, கெமாஸ் தபிகா (அரசின் சமூக மேம்பாட்டுத் துறை நடத்தும் பாலர் பள்ளி), தனியார் பாலர் பள்ளி மூன்றும் உள்ளன. எதில் சேர்க்கலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஒன்றாம் ஆண்டு தமிழ்ப்பள்ளியில்தான் என்றால், அங்குள்ள பாலர் வகுப்பையே முதலில் கேளுங்கள் அம்மா. தமிழில் பாடம், கூடவே மலாயும் ஆங்கிலமும். வகுப்புக்கு 25 பேர்தான், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பிறப்புச் சான்றிதழ் நகலோடு இப்போதே விசாரியுங்கள்.

கெமாஸில் பெரும்பாலும் மலாயில்தான். அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு பழகினால் மொழி தானாக வரும். தமிழ் எழுத்தை மட்டும் வீட்டில் தினம் கால் மணி நேரம் சொல்லித்தர வேண்டும்.

தனியார் பள்ளியென்றால் கல்வி அமைச்சின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். மாதக் கட்டணம் குறைவாகத் தெரியும். பதிவு, புத்தகம், சீருடை, வேன் சேர்ந்தால்தான் உண்மைக் கணக்கு.

எதுவானாலும் பசியாறும் நேரத்தில் நேரில் போங்கள். கழிப்பறைத் தரை ஈரமாக வழுக்குகிறதா? அழும் பிள்ளையிடம் ஆசிரியர் குனிந்து பேசுகிறாரா? மலாய் தெரியாத பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகக் கேட்கக் கூச்சப்பட்டு, அடக்கி வைத்து உடையிலேயே நனைத்துவிடுவார்கள். பிறகு பள்ளி என்றாலே அழுகைதான். "சிக்கு, நாக் பெர்கி தண்டாஸ்" (ஆசிரியரே, கழிப்பறைக்குப் போகணும்) என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே பழக்கிவிடுங்கள்.