வாத்தியார் பதில்கள்: தடைக்காலமும் ஸ்கூல் ஃபீஸும்

கேள்வி: மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறார். மெட்ரிக் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா, அரசின் ஊராட்சி ஒன்றியப் பள்ளியே போதுமா?
– வாசகி, தங்கச்சிமடம்

தாராளமாகப் போடுங்கம்மா, விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. நலிந்த பிரிவில் போட்டால் வருமானச் சான்றில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் இந்த 25 சதவீதம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டாது. நம் கரையில் பேர் சொல்லும் பள்ளிகளில் பலவும் சர்ச்சோ ஜமாஅத்தோ நடத்துபவை. மிச்சமுள்ளதில், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியைத்தான் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற நாம் வீட்டை நடுவில் வைத்து வட்டம் போட்டால் பாதி வட்டம் கடலுக்குள் போய்விடுகிறது. அங்கே சங்குதான் கிடைக்கும், பள்ளிக்கூடம் கிடைக்காது. ஆள் அதிகமானால் குலுக்கல் வேறு.

சரி, இடம் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். என் அக்கா பேரனுக்குக் கிடைத்தது. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். ஜூன் முதல் வாரம் ஒரு துண்டுச்சீட்டு வந்தது: வேன், புத்தகம், இரண்டு செட் யூனிஃபார்ம், ‘ஆக்டிவிட்டி’. ரசீது கேட்டதற்கு அப்புறம் தருகிறோம் என்றார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கட்டிக் கிடக்கிறது. அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், அது அரிசிக்கும் மளிகைக் கடனுக்குமே சரியாகிவிட்டது. அக்கா மருமகள் காதுத் தோடு அடகுக்கடைக்குப் போனது. ஆகவே சேர்க்கும் முன்பே எது எதற்குப் பணம் கேட்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று. இந்த இடத்துக்கு அரசு பணம் கட்டுவது எட்டாம் வகுப்பு வரைதான். அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே என்று யோசித்து வையுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் எல்லாம் அரசுப் பள்ளியில் படித்த கணக்கைப் பார்ப்பவை.

ஒன்றியப் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். காலையில் போங்கள், உப்புமா வாசனையிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் என்று எண்ணுங்கள். முப்பது வருடம் ஒன்றியப் பள்ளியில் சாக்பீஸ் தேய்த்தவன் சொல்கிறேன், ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்த்தால் நானே அங்கே சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பள்ளிக்குத் தரும் பணத்தைப் பெற்றோர் கையிலேயே கொடுத்தால் நாங்களே நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுக்க மாட்டோமா?
– வாசகர், தொண்டி

சிலி நாட்டில் 1981-லிருந்து ஏறக்குறைய அப்படித்தான், பிள்ளை சேரும் பள்ளிக்கே அரசுப் பணம் போனது. பள்ளிகள் மேல்பணம் கேட்டன, பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன. அதைத் தடுக்க 2015-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. இங்கே பணம் நேரத்துக்கு வருகிறதா என்பதே முதல் கேள்வி. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்று, பள்ளிகளுக்கும் இந்த 25 சதவீத இடங்களுக்கும் மத்திய அரசு தரும் சமக்ர சிக்‌ஷா நிதி நின்றது, 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வருடம் 25 சதவீதச் சேர்க்கை தொடங்கவே அக்டோபர் ஆனது. உங்கள் கைக்கு வர வேண்டிய பணமும் அப்படி நின்றால், ஜூனில் பள்ளிக்காரர் யாரைப் பிடிப்பார்?

கேள்வி: பாடம் எல்லாம் செல்போனில் இருக்கிறதாமே, டியூஷன் நிறுத்திவிடலாமா?
– வாசகர், மண்டபம்

வீட்டில் எத்தனை போன்? ஒன்றுதான் என்றால் அது அப்பாவோடு கடலுக்குப் போகிறது. ஊரடங்கு காலத்தில் ஒரு பையன் அப்பா போனை என்னிடம் கொண்டுவந்தான், புத்தகத்திலுள்ள கியூஆர் கோடு படியவில்லை என்று. பார்த்தால் கேமரா கண்ணாடிமேல் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. நகத்தால் சுரண்டி எடுத்தேன், பாடம் வந்தது. பத்து நிமிடத்தில் அப்பா வந்து போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார், படகுக்கு நேரமாகிவிட்டது.

டியூஷனை நிறுத்தாதீர்கள். பள்ளியில் கணினி வைத்த ஹைடெக் லேப் இருந்தால் அதைத் திறந்து வைக்கச் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.