தங்கையின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியர்: வேதம் என்ன சொல்கிறது?

ஒரு வாசகர் கேட்டது இது: “என் தங்கைக்கு 23 வயது, ஞானஸ்நானம் எடுத்தவள். நாலு மாதமாகத் தூக்கமில்லை, காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒரு சபை ஊழியரோ அவளுக்குள்ளே ஏழு ஆவிகள் இருக்கின்றன, மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருக்க வேண்டும், ஏழு வெள்ளிக்கிழமை விடுதலை ஜெபம், ஒவ்வொன்றுக்கும் தனிக் காணிக்கை என்கிறார். வேதம் இதைத்தான் சொல்கிறதா?”

இல்லை. முதலில் மாத்திரையை நிறுத்தாதீர்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

மத்தேயு 4:24-ஐ எடுத்துப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்கள் ஒரு பக்கம், சந்திரரோகிகளும் (வலிப்பு நோயாளிகள்) திமிர்வாதக்காரரும் (முடக்குவாதக்காரர்) இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறது. நோய் வேறு, பிசாசு வேறு என்று அந்தக் காலத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்தபோது பவுல் எந்த ஆவியையும் துரத்தவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடி என்றுதான் எழுதினார். ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைக்கா இப்படி என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. விசுவாசி ஒருவரிடமிருந்து பிசாசைத் துரத்தினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளிலும் இல்லை, நிருபங்களிலும் இல்லை. “உலகத்திலிருக்கிறவனிலும் உங்களிலிருக்கிறவர் பெரியவர்” என்ற 1 யோவான் 4:4 உங்கள் தங்கைக்கும் சேர்த்துத்தான்.

சரி, அந்த ஊழியர் மாற்கு 9-ஐக் காட்டுவார், கட்டாயம் காட்டுவார். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். நுரை தள்ளி, தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையன். மத்தேயு அவனைச் சந்திரரோகி என்கிறார், மாற்கு ஆவி என்கிறார், அதாவது இரண்டும் சேர்ந்து வருகிற இடம் இது, நான் மறுக்கவில்லை. ஆனால் இயேசு அங்கே என்ன செய்தார்? இது வந்து எவ்வளவு காலமாயிற்று என்று தகப்பனிடம் விசாரித்தார். ஜனங்கள் கூடிவருவதைக் கண்டதும், அந்தக் கூட்டம் பெருகுவதற்குள் ஆவியை அதட்டினார். பையனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஒரே வேளையில் முடிந்தது. ‘ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும்’ என்ற வசனம் துரத்த முடியாமல் நின்ற சீஷர்களுக்குச் சொன்னது, பையனைப் பட்டினி போடச் சொன்னதல்ல. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் உபவாசம் என்ற சொல்லே கிடையாது. உபவாசம் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஊழியர் இருக்கட்டும்.

இது வெறும் வாதம் இல்லை. ஜெர்மனியில் வலிப்பு நோய் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு மாதக்கணக்கில் பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள், 1976-இல் அவள் உணவில்லாமல் உடல் வற்றி இறந்தாள். பெற்றோரையும் இரண்டு குருக்களையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அவளை நேசித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

காணிக்கைக்கு வருகிறேன். பிசாசுகளைத் துரத்துங்கள் என்று சொன்ன அதே வசனத்தில், மத்தேயு 10:8-இல், “இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்” என்றும் இருக்கிறது. பாதி வசனத்தை மட்டும் மேடையில் வாசிக்கிறார்கள். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவி இருந்த பெண்ணை வைத்துச் சம்பாதித்தவர்கள் அவளுடைய எஜமான்கள், அதைத் துரத்திய பவுலுக்குக் கிடைத்ததோ அடியும் சிறையும்.

உங்களை அந்த ஊழியரிடம் யாராவது அழைத்துப்போயிருந்தால் அந்த ஆளைப் பற்றியும் யோசியுங்கள். வீட்டில் யார் இறந்தார்கள், எவ்வளவு கடன், எந்தக் கல்யாணம் நின்றது என்று நீங்கள் அந்த ஆளிடம் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அடுத்த வாரம் ஊழியர் வாயில் தீர்க்கதரிசனமாக வரும். நீங்கள் அழுதுகொண்டே ஆமென் சொல்வீர்கள். ஏழு வெள்ளி முடிந்ததும் பரம்பரைச் சாபக்கட்டு என்று புதிதாக ஒன்று கிளம்பும். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று யோவான் 9-இல் பிறவிக் குருடன் ஒருவனைப் பற்றி இயேசுவே சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் யாருடைய விளக்கமும் வேண்டாம்.

இந்த ஊழியரைப் பற்றி எங்கே போய்ப் புகார் சொல்வது என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1172 ஆயரின் (பிஷப்பின்) வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் பேயோட்டக் கூடாது என்கிறது, நோயா என்று முதலில் உறுதிசெய்யச் சொல்லி அந்தத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கேட்கிறது. நல்ல விதி, ஆனால் இப்படி ஒன்று இருப்பதையே வீட்டில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவுக்கு யாரும் சொல்வதில்லை. தனிச் சபைகளிலோ ஒரு மைக்கும் நாலு நாற்காலியும் இருந்தால் போதும், கேட்பார் கிடையாது. நான் படித்த இறையியல் கல்லூரியில் கிரேக்க இலக்கணத்துக்கு வருடக்கணக்கில் நேரம் ஒதுக்கினார்கள், காதில் குரல் கேட்கிறது என்று ஒரு பெண் வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தரவில்லை.

ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கை சம்மதித்தால், அவள் நம்பும் இரண்டு பேர் வீட்டிலேயே மெதுவான குரலில் ஜெபிக்கட்டும், நீங்களும் கூட இருங்கள். கட்டிவைப்பது, அடிப்பது, தனி அறையில் கதவைச் சாத்துவது எதற்கும் விடாதீர்கள். ஊழியரிடம் ‘மாத்திரையை நிறுத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இடையில் அவள் சாப்பிட மறுத்தாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ, அந்தக் குரல்கள் அவளை ஏதாவது செய்யச் சொன்னாலோ வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.